தம்பி பெயரில் பதிவான பதினோரு நிமிடம்

ஃபிட்டரை எனக்கு முப்பத்து நான்கு வருடம் தெரியும். அதில் முதல் ஏழு வருடம் அவர் எனக்கு ஓர் எண் மட்டும்தான்: 412. அணுமின் நிலையத்தில் குழாய் வேலை பார்ப்பவர். நட்டை விரலால் தடவியே அளவு சொல்லிவிடுவார் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். நான் இருந்தது பதிவறையில். உள்ளே போகிற ஒவ்வொருவரும் நெஞ்சில் குத்திக்கொள்ளும் பேட்ஜுக்குள் ஒரு சிறிய ஃபிலிம் துண்டு இருக்கும். மாதக் கடைசியில் அதைக் கழுவிப் பார்த்தால், எவ்வளவு கறுத்திருக்கிறது என்பதை வைத்து அந்த உடம்பில் எத்தனை மில்லிசீவர்ட் கதிர்வீச்சு பட்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம். அந்த அளவை எண் வாரியாகப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. முப்பத்தாறு வருடம் அதையே செய்தேன்.

413 அவருடைய தம்பி. அண்ணனின் சிபாரிசில் சேர்ந்தவர். கருவி வைப்பறையின் ஜன்னலில் உட்கார்ந்து, கேட்பவர்களுக்குக் கருவிகளை எடுத்துக் கொடுப்பார். இருவருக்கும் மூன்று வயது வித்தியாசம். அண்ணன் குட்டை, பேச்சு குறைவு. தம்பி நெட்டை, வாய் ஓயாது.

உள்ளே போட்டுக்கொள்ளும் மேலுடைகளைத் துவைத்து மடித்துத் தரும் சலவைக்கூடத்தில் கிரேன் ஓட்டுநரின் மகள் வேலை பார்த்தாள். ஜன்னல் வழியாக உடையை நீட்டும்போது தம்பிக்கு எல்லாப் பொத்தானும் இருக்கிற உடையாகத் தேடிக் கொடுப்பாள். அண்ணனுக்குக் கையில் அகப்பட்டது. ஃபிட்டர் இதைக் கவனித்திருக்கிறார். தன் உடையில் எத்தனை பொத்தான் குறைந்தது என்பதை இருபத்திரண்டு வருடம் கழித்தும் என்னிடம் சொன்னார். பெரும்பாலும் இரண்டு. ஒரு முறை நான்கு.

அந்த வருடம் பிப்ரவரியில் தம்பிக்கும் அவளுக்கும் பேசி முடித்தார்கள். அண்ணன் இருக்கத் தம்பிக்கா என்று சிலர் கேட்டார்கள். எனக்கு இப்போது அதில் நாட்டமில்லை என்று ஃபிட்டர் சொல்லிவிட்டார்.

எங்கள் நிலையத்தில் மூன்று மாதத்துக்குப் பன்னிரண்டு என்று ஒரு வரம்பு உண்டு. அதைத் தொட்டவரை மீதி நாட்களுக்கு உள்ளே விட மாட்டார்கள். வெளிக் கொட்டகையில் உட்கார்ந்து துருப்பிடித்த போல்ட்டுகளைத் தேய்க்க வேண்டும். கைத்திறன் உள்ளவர்களுக்கு அது பெரிய அவமானம். அதனால் ஒரு பழக்கம் வந்திருந்தது: வரம்பு நெருங்கியவர்கள், உள்ளே போகாத யாராவது ஒருவருடைய பேட்ஜை வாங்கிக் குத்திக்கொண்டு போவார்கள். மாலையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இது நடப்பது எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்று எழுதுவதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை. தெரிந்துகொள்வதும் என் வேலைதான்.

மார்ச் முதல் தேதி நான் பலகையில் ஒட்டிய பட்டியலில் 412-க்கு நேரே 11.6 என்று இருந்தது. ஒன்பதாம் தேதி, புதன்கிழமை காலை, உடை மாற்றும் அறையில் அண்ணன் தம்பியிடம் கையை நீட்டினார்.

“உன்னோடதைக் கழட்டு. என்னோடது நிரம்பிடுச்சு.”

“மாட்டிக்கிட்டா?”

“வாசல்ல இருக்கறவன் நம்பரைப் பாப்பானா, மூஞ்சியைப் பாப்பானா?”

வாசலில் இருந்தவர் நம்பரைத்தான் பார்த்தார். முகத்தில் முகமூடி. 413 உள்ளே சென்றார் என்று எழுதிக்கொண்டார். தம்பி 412-ஐக் குத்திக்கொண்டு வைப்பறை ஜன்னலில் உட்கார்ந்தார்.

10.42-க்கு உள்ளே ஒரு குழாய் வெடித்தது. மோட்டாரால் மூட வேண்டிய வால்வு மூடவில்லை. எல்லோரும் வெளியே ஓடி வரும்போது, அருகில் இருந்த ஒருவர் மட்டும் திரும்பிப் போய், கைச் சக்கரத்தைச் சுற்றி அதை மூடினார். துரு பிடித்த சக்கரம். பதினோரு நிமிடம் ஆயிற்று. அந்தப் பதினோரு நிமிடம் இல்லாவிட்டால் அடுத்த தெருவரை காலி செய்திருப்பார்கள் என்று பிறகு பொறியாளர்கள் சொன்னார்கள். மறுநாள் நான் 413-இன் ஃபிலிமைக் கழுவினேன். கரியாக இருந்தது. மூன்று முறை அளந்தேன். 380. பதிவேட்டில் ஏற்றினேன்.

அண்ணனும் தம்பியும் வீடு திரும்பும் பேருந்திலேயே பேசி முடித்திருந்தார்கள். பேட்ஜ் மாற்றியது தெரிந்தால் இருவருக்கும் வேலை போய்விடும். கேட்டால், கருவி கொடுக்க உள்ளே போனதாகத் தம்பி சொல்ல வேண்டும். வால்வு இடப்பக்கம் எத்தனை சுற்று, வாடை எப்படி இருந்தது, எல்லாவற்றையும் அண்ணன் சொல்லித் தந்தார். அன்று மாலை அண்ணன் இரண்டு முறை வாந்தி எடுத்தார். பயத்தினாலா மற்றதினாலா என்று யார் சொல்வது.

தம்பியைச் சிறப்பு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மூன்று வாரம் வைத்திருந்து, ரத்தத்தில் ஒரு குறையும் இல்லையே, யானை உடம்பு என்று வியந்து அனுப்பினார்கள். ஆயுள் முழுவதும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கு வர நீல அட்டை கொடுத்தார்கள். நிலையத்தின் கூட்ட அரங்கில் மேடையில் நிற்க வைத்துப் பாராட்டி, படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார்கள். ஃபிட்டர் கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். தட்டிய கையில் சக்கரம் கிழித்த தோல் இன்னும் ஆறவில்லை. அன்று முதல் தம்பியின் பெயர் வால்வு. வீட்டில் அண்ணன் கூப்பிட்டது ‘வால்வு துரை’.

கிரேன் ஓட்டுநர் ஏப்ரலில் சம்பந்தத்தை முறித்தார். “ரத்தத்துல கலந்துடுச்சுன்னு சொல்றாங்க. நாளைக்குப் பொறக்கற குழந்தைக்கு நான்தான பதில் சொல்லணும்” என்றாராம். தம்பி வாயைத் திறக்கவில்லை. ஜூன் மாதம் அதே கிரேன் ஓட்டுநர் என் அறைக்கு வந்தார். ஜாதகம் பார்க்கிறவரிடம் உட்காருவதுபோல நாற்காலி நுனியில் உட்கார்ந்து, 412 எப்படி என்று கேட்டார். பதிவேட்டைத் திறந்து காட்டினேன். மூன்று மாதத்துக்கு 11.9. சுத்தமான ஆள் என்று சொன்னேன். செப்டம்பரில் ஃபிட்டருக்கும் அவளுக்கும் கல்யாணம் நடந்தது.

முதலில் ஒரு பெண், பிறகு ஒரு பையன். இரண்டு முறையும் நர்ஸ் துணியைப் பிரித்ததும் ஃபிட்டர் குழந்தையின் கை விரல்களையும் கால் விரல்களையும் எண்ணினாராம். இருபது, இருபது. என்னப்பா கடையில சாமான் வாங்கற மாதிரி எண்ணுறே என்று நர்ஸ் சிரித்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற தம்பியும் சிரித்தார். எதற்கு எண்ணுகிறார் என்று அங்கே தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

தம்பிக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. ஞாயிறுதோறும் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அண்ணி அவர் முதுகுக்குத் தலையணை வைப்பாள், அவருக்கு முதலில் பரிமாறுவாள், சித்தப்பாவைப் படுத்தாதீங்க என்று பிள்ளைகளை அதட்டுவாள். தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியே அவர் உடம்பை விசாரிப்பார்கள். ஃபிட்டருக்கு அந்தத் தலையணையைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். அதே நேரம் தம்பி, அண்ணன் பிள்ளைகளின் பள்ளி மதிப்பெண் அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாடமாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். திருப்பிக் கொடுக்க மனம் வராது. இப்படியே இருபத்திரண்டு வருடம்.

ஃபிட்டருக்கு ஐம்பது வயதில் சோர்வு தொடங்கியது. இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கும். எங்கும் இடிக்காமலே தொடையில் நீலத் திட்டுகள் வந்தன. பல் தேய்த்தால் ரத்தம். வீட்டில் சோம்பல் என்றார்கள். நிலையத்தின் மருந்தக டாக்டர் ரத்தசோகை என்றார். பழைய வேலைப் பதிவை வரவழைத்துப் பார்த்தார். விபத்து நடந்த காலாண்டில் 11.9. அந்தப் பக்கம் யோசிக்க வேண்டியதில்லை என்று இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பதினான்கு மாதம் ஃபிட்டர் அதை விழுங்கினார். ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஏறவில்லை, இறங்கியது.

அந்த வருடம் அக்டோபரில் தம்பிக்குச் சளி பிடித்து, பரிசோதனையில் வெள்ளணு கொஞ்சம் குறைந்திருந்தது. நீல அட்டைக்காரர் ஆயிற்றே. சிறப்பு மருத்துவமனையில் நான்கு நாள் படுக்க வைத்து எலும்பு மஜ்ஜை வரை எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. ஃபிட்டர் பழப்பையோடு பார்க்கப் போனார். நான்கு டாக்டர்கள் படுக்கையைச் சுற்றி நின்று தம்பியின் கண் இமையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபிட்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். மாடிப்படி ஏறியதில் அவருக்குத் தலை சுற்றியது. பழப்பையை நர்ஸிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

நவம்பர் பதினேழாம் தேதி பிற்பகல் 3.20-க்கு என் அறைக்கு வந்தார்.

“சார், 413-ஐ எடுங்க.”

உங்கள் எண் 412 அல்லவா என்றேன்.

“அது தெரியும். நீங்க 413-ஐ எடுங்க.”

எடுத்தேன். 380 என்ற எண்ணின் மேல் விரலை வைத்து, இது நான் என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கத்தை நான் எழுதும்போது மூன்று முறை அளந்தேன் என்பதை முன்பே சொன்னேன். மூன்று முறையும் ஃபிலிமைத்தான் அளந்தேன்.

பதிவைத் திருத்த விதி உண்டு. சம்பந்தப்பட்ட இரண்டு பேட்ஜ்காரர்களும் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு சாட்சி கையெழுத்து வேண்டும். திருத்தினால் அவர் சிறப்பு மருத்துவமனையில் நேராகப் போய்ப் படுக்கலாம். தம்பியின் அட்டை ரத்தாகும். தம்பி கையெழுத்துப் போடாவிட்டால் அவருக்கு மாத்திரைதான். வாக்குமூலத்தை நானே எழுதி, தம்பியை வியாழக்கிழமை வரச் சொன்னேன்.

தம்பி அதை இரண்டு முறை படித்தார்.

“இப்ப உனக்கு இது வேணும்.”

“வேணும்” என்றார் ஃபிட்டர்.

“நாப்பத்துநாலு தடவை எனக்குக் குத்தியிருக்காங்க. ஒண்ணுமே இல்லாத உடம்புல.”

“உன்னைச் சுத்தி நாலு டாக்டர் நின்னாங்க. எனக்கு மாத்திரை எழுதறவன் தலையைக்கூட நிமித்தல.”

“நீ வீட்டுக்குப் போனா சோறு போட ஆள் இருக்கு.”

“அவ உனக்குத்தான் முதல்ல போடறா.”

ஐம்பத்தொரு வயதும் நாற்பத்தெட்டு வயதும் இப்படிப் பேசிக்கொண்டிருந்தன. நான் மூடி திறந்த பேனாவோடு காத்திருந்தேன். கடைசியில் தம்பி தாளைத் திருப்பி என்னிடம் தள்ளினார். கையெழுத்துப் போடத் தயார், ஆனால் இங்கே அல்ல என்றார்.

“அண்ணி முன்னாடி போடறேன். நீயே உன் வாயால சொல்லணும். சார் எழுதியிருக்கற மாதிரி, தேதியோட.”

ஃபிட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. வேறு எது வேண்டுமானாலும் கேள் என்றார். தம்பி வேறு எதுவும் கேட்கவில்லை. எழுந்து போய்விட்டார்.

ஒன்பது நாள் ஃபிட்டர் அந்தத் தாளை என் மேஜையிலேயே விட்டுவைத்தார். மாத்திரையை விழுங்கிக்கொண்டு வேலைக்கு வந்தார். தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒரு நாள் கேட்டேன். “தம்பிக்கு ஒண்ணுமில்லைன்னு அவளுக்குத் தெரிஞ்சுட்டா, அப்புறம் நான் அந்த வீட்டுல யாரு சார்” என்றார். பத்தாம் நாள் காலையில் தலையணை உறை முழுக்க ஈறு ரத்தம். அது ஞாயிற்றுக்கிழமை. பதிவேட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள் என்று ஆள் அனுப்பினார்.

நான் போனபோது தம்பி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவள் மேஜையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஃபிட்டர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி, மார்ச் ஒன்பது, புதன்கிழமை என்று தொடங்கி, ஒன்றையும் விடாமல் சொன்னார். அவள் கத்தியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“எங்க அப்பா உங்ககிட்ட வந்து எந்த நம்பரைப் பாத்தாரு?”

“412.”

“சுத்தம்னு சொன்னீங்க.”

“சொன்னேன்மா.”

பிறகு கணவரிடம் கேட்டாள். “அவருக்கு ஒண்ணுமில்ல, உங்களுக்குத்தான்னு தெரியும். தெரிஞ்சேதான் என்னைக் கட்டிக்கிட்டீங்க.”

“நீ அவனுக்குத்தான் எல்லாம் பாத்துப் பாத்துக் குடுத்தே” என்றார் ஃபிட்டர். அந்த வயதில், அந்த உடம்போடு, வேறு பதில் அவருக்குத் தோன்றவில்லை.

அவள் தம்பியைப் பார்த்தாள். எங்கள் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றாள். அண்ணன் வேலை போயிருக்கும் என்றார் தம்பி. அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு அல்ல.

“இவருக்கு அவரோட ஊசி மேல கண்ணு. அவருக்கு இவரோட வீட்டு மேல கண்ணு. ரெண்டு பேரும் பஸ்ஸுல உக்காந்து பங்கு பிரிச்சிருக்கீங்க. என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

தம்பி கையெழுத்துப் போட்டார். ஃபிட்டர் போட்டார். சாட்சிக்கு வெளியே யாரையாவது கூப்பிடட்டுமா என்று நான் எழுந்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, எங்கே போடணும் என்று கேட்டு, முழுப் பெயரையும் எழுதினாள். பிறகு காய்த் தட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று அந்த வீட்டில் அண்ணனும் தம்பியும் தாங்களே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். யார் முதலில் கரண்டியை எடுப்பது என்று கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்ததையும் நான் கண்டேன்.

மறுநாள் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு, 380-ஐ 412-க்கு மாற்றி, ஓரத்தில் தேதியும் என் சுருக்கொப்பமும் இட்டேன். விசாரணை நடந்தது. மூன்று பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, என்னையும் சேர்த்து. பத்தொன்பதாம் நாள் தம்பியின் நீல அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கூட்ட அரங்கில் அவர் படத்தைக் கழற்றினார்கள். ஃபிட்டரின் படத்தை மாட்டவில்லை. அந்த இடத்தில் தீ விபத்து விதிகள் பலகை வந்தது. ஃபிட்டர் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு, பலகைக்குக் குடுத்த மரியாதை என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

சிறப்பு மருத்துவமனையில் மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் ஊறும் இடமே கெட்டுக்கொண்டிருந்தது. மெல்லப் போகிற வகை. அந்தப் பதினோரு நிமிடம்தான் காரணம் என்று ஒரு டாக்டரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. இந்த வயதில் கதிர் படாதவர்களுக்கும் வரும், பட்டவர்களுக்கு வர வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான் சொல்லலாம் என்றார்கள். முதலிலிருந்தே பட்டியலில் இருந்திருந்தால் இரண்டு மூன்று வருடம் முன்பே பிடித்திருப்போம் என்றும் சொன்னார்கள். மருந்தும், மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்றிய ரத்தமுமாக ஃபிட்டர் ஐந்து வருடம் இரண்டு மாதம் இருந்தார். மகளின் கல்யாணத்தைப் பார்த்தார்.

அவரைப் பற்றி நினைக்கும்போது எனக்குக் கண்முன்னால் வருவது அவர் அந்த மருத்துவமனைக்குப் போன முதல் நாள், ஜனவரி 22. திருத்திய பதிவின் நகலைக் கொடுக்க நானும் போயிருந்தேன். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு மாதமாக இருவரோடும் அளந்துதான் பேசிக்கொண்டிருந்தாள். அறைக்குள் நர்ஸ், தம்பியைப் பார்த்ததும் பழக்கத்தில் அவர் சட்டைக் கையை மடிக்க வந்தாள். இன்னைக்கு நான் இல்லம்மா, அண்ணன் என்று அவர் விலகி நின்றார். அப்படியும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

டாக்டர் காகிதத்தை எடுத்து, சோர்வு எவ்வளவு நாளாக என்று கேட்டார்.

“ஒன்றரை வருஷமா இருக்கு” என்றார் தம்பி.

ஈறில் ரத்தம் வருமா என்று கேட்டார்.

“காலையில வரும். ராத்திரி வேர்க்காது, காய்ச்சல் இல்ல, பசி பரவாயில்ல.” அடுத்தடுத்து என்ன கேட்பார்கள் என்று அவருக்கு மனப்பாடம். நாற்பத்து நான்கு தடவை சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்கள்.

ஃபிட்டர் நாற்காலியில் நிமிர்ந்தார். எனக்குத் தெரிந்து அவர் தம்பியிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு முறைதான்.

“டேய், இது என் உடம்பு. நான் சொல்லிக்கறேன்.”

தம்பி வாயை மூடிக்கொண்டு வெளியே போய், அண்ணி இருந்த பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். டாக்டர் முதல் கேள்வியை மறுபடியும் கேட்டார். ஃபிட்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் வாயால், அவசரமில்லாமல், மார்ச் ஒன்பது, புதன்கிழமை என்று ஆரம்பித்தார்.